பாத்திரர் யார்?
நீதிமானாக்கப்படுதலைக் குறித்து ஒரு வேதபாடம்

வாசிக்கவேண்டிய வேதபகுதிகள்: லூக்கா 7:1-10, ரோமர் 3:19-28, ரோமர் 4:1-8, 1 கொரிந்தியர் 11:17-34, வெளிப்படுத்தின விசேஷம் 5.



மும்பை தாராவியில், தொண்ணூறு அடி சாலையை விட்டு உள்ளே போகும் சந்து ஒன்றில், மாடியறை ஒன்றில் கூடிவருகிற சிறு சபை ஒன்று உண்டு. அங்கே வேதபாடம் நடத்தும் பொறுப்பு சில ஆண்டுகளாக அடியேனுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. சபையார் பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். சிலர் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்தும், தாராவியை விட்டுச் செம்பூருக்குக் குடிபெயர்ந்த இரண்டு மூன்று குடும்பத்தார் ரயிலேறியும் வருகிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறன்று திருவிருந்து ஆராதனை. அப்படிப்பட்ட ஒரு ஞாயிறன்று, அப்பமும் ரசமும் வரிசையாய்க் கொடுக்கப்பட்டபோது, ஒரு சகோதரி தன்னிடம் வந்த தட்டைத் தொடாமல் அடுத்தவருக்குக் கடத்திவிட்டார்கள். திருமுழுக்குப் பெற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலான சகோதரி. அதுவரை ஒருநாளும் அப்படிச் செய்தவர்கள் அல்ல.

அந்த வாரத்து வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு காரணம் கேட்டேன். "நம்ம பேருக்கு நேரா அபாத்ர்னு போட்டுட்டாங்க ஐயா. அதே வார்த்தையைத்தானே நீங்க திருவிருந்துக்கு முன்னால வாசிச்சீங்க? எங்களுக்குத் தெரிஞ்ச பாத்திரம் இட்லிக் கொப்பரைதான். கர்த்தர் வீட்டிலயும் இப்படித்தான் லிஸ்ட் போடுவாங்களோன்னு பயந்துட்டேன்" என்றார்கள்.

இந்தப் பாடம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

இரண்டு மொழிகளில் ஒரே வார்த்தை

தாராவிக்கு வெளியே இருக்கிற வாசகர்களுக்குச் சிறிது விளக்கவேண்டும். மகாராஷ்டிரத்தில் குடிசைப் பகுதிகளைப் புதுப்பிக்கும் திட்டங்களில், மாற்று வீடு பெறத் தகுதியுள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று ஒரு பட்டியல் எழுதப்படுகிறது. மராத்தி மொழியில் தகுதியுள்ளவர் 'பாத்ர்', தகுதியில்லாதவர் 'அபாத்ர்'. தாராவியைப் புதுப்பிக்கும் ஒப்பந்தப்புள்ளியில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வெற்றிபெற்றது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின், 2011 ஜனவரி 1-க்குள் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மேல்தளத்தில் குடியிருப்பவர் எத்தனை ஆண்டு இருந்தவரானாலும் அவருக்கு அந்த இலவச வீடு இல்லை. தாராவிக்கு வெளியே வாடகைக்குக் குடியேறி, பிற்பாடு விலைகொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளும் வழி மட்டுமே உண்டு.

நமது சகோதரியின் குடும்பம் இரும்பு ஏணி ஏறிப்போகும் மேல்தளத்தில் இருக்கிறது. கீழே கணவருடைய அண்ணன் குடும்பம். தகப்பனார் கட்டிய ஒரே வீடு. தம்பி விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தைச் சுமந்துகொண்டு மாட்டுங்காவில் தெருத்தெருவாய் விற்று இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். இப்பொழுது ஒரே கூரையின்கீழ் அண்ணன் பாத்ர், தம்பி அபாத்ர்.

நம் தமிழ் வேதாகமத்திலும் இந்த வார்த்தை இருக்கிறது. தகப்பனிடத்திற்குத் திரும்பி வந்த இளைய குமாரன், மகன் என்னப்படுவதற்குத் தான் 'பாத்திரன்' அல்லவென்று சொன்னான் (லூக்கா 15:21). யாக்கோபும் அதையே சொல்லி ஜெபித்தான் (ஆதியாகமம் 32:10). திருவிருந்தைப் பற்றிப் பவுல் எழுதும்போது 'அபாத்திரமாய்' என்கிறார். ஆகையால் சகோதரி இரண்டையும் ஒன்றாய் எண்ணியது அறியாமையால் அல்ல. வார்த்தை ஒன்றுதான். ஆனால் பட்டியல் எழுதுகிறவரும், எழுதும் முறையும் வேறு.

ஒன்றை முதலாவது தெளிவாய்ச் சொல்லிவிடவேண்டும். அரசுப் பட்டியலில் அபாத்ர் என்று வருவது பாவம் அல்ல. பாத்ர் என்று வருவது நீதியும் அல்ல. அது ஒரு தேதியையும் ஒரு தளத்தையும் குறித்த தீர்மானம். அதைக் கொண்டு ஒரு குடும்பத்தின்மேல் தேவனுடைய பிரியம் இருக்கிறதா இல்லையா என்று அளக்கிறவன் யோபுவின் சிநேகிதரோடு உட்கார்ந்திருக்கிறான்.

நூற்றுக்கு அதிபதியின் சிபாரிசு

லூக்கா 7-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பர்நகூமில் ஒரு ரோம நூற்றுக்கு அதிபதி. அவனுக்குப் பிரியமான வேலைக்காரன் சாகும் தறுவாயில் இருக்கிறான். யூதரின் மூப்பர்கள் இயேசுவினிடத்தில் வந்து அவனுக்காகச் சிபாரிசு செய்கிறார்கள். அவர்களுடைய வாதம் இரண்டு: நம்முடைய ஜனத்தை நேசிக்கிறான், நமக்கு ஜெபஆலயம் கட்டிக்கொடுத்தான். ஆகவே அவன் 'பாத்திரன்' (வசனங்கள் 4, 5). மும்பையில் காரியம் முடிக்க அலைந்த எவருக்கும் இந்தப் பேச்சின் சாயல் விளங்கும்.

இங்கே கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'ஆக்ஸியோஸ்'. தராசின் ஒரு தட்டில் வைத்ததற்கு ஈடாக மறுதட்டில் நிற்கும் எடை என்பது அதன் அடிப்படைப் பொருள். தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கையும் அட்டையையும் தராசில் ஏற்றி இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மூப்பர்கள் ஒரு தட்டில் ஜெபஆலயத்தை வைத்தார்கள். மறுதட்டில் அற்புதத்தைக் கேட்டார்கள்.

அந்த அதிபதியோ சிநேகிதரை அனுப்பி, மூப்பர்கள் சொன்னதற்கு நேர் எதிராகச் சொல்கிறான். ஆண்டவர் தன் வீட்டுக் கூரையின்கீழ் வருவதற்கும், தான் அவரிடம் நேரில் போவதற்கும் பாத்திரன் அல்லவென்று சொல்லுகிறான் (வசனங்கள் 6, 7). தான் கட்டின ஜெபஆலயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவன் கேட்டதெல்லாம் இயேசுவின் ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட விசுவாசத்தை இஸ்ரவேலுக்குள்ளும் காணவில்லை என்று ஆண்டவர் வியந்தது இவனைக் குறித்தே. ஊரார் பாத்திரன் என்றார்கள். அவன் தன்னை அபாத்திரன் என்றான். ஆண்டவர் மூப்பர்கள் சொன்னதைத் திருத்தவும் இல்லை, அவன் சொன்னதை மறுக்கவும் இல்லை. வேலைக்காரன் பிழைத்தான்.

சுவிசேஷ விசுவாசத்தின் அடிப்படை உபதேசங்கள் பல. வேதாகமத்தின் அதிகாரம், திரியேக தேவன், இயேசுகிறிஸ்துவின் மனுஷாவதாரம், அவருடைய மரணமும் உயிர்த்தெழுதலும், மறுபிறப்பு, அவருடைய இரண்டாம் வருகை என்று ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். அவற்றுள் 'நீதிமானாக்கப்படுதல்' என்பதைத்தான் நாம் எளிதாய் ஒப்புவித்து, எளிதாய் மறந்தும் போகிறோம். மறக்கும்போது மூப்பர்களைப்போலத் தராசைத் தேடுகிறோம்.

நீதியுள்ள நியாயாதிபதி எப்படிச் சேர்த்தார்?

ரோமர் 3-ஆம் அதிகாரத்தின் முற்பகுதியில் பவுல் யூதனையும் கிரேக்கனையும் ஒரே தராசில் நிறுத்துகிறார். இருவரும் குறைவுபட்டுப் போகிறார்கள். தரைத்தளம், மேல்தளம் என்ற வேற்றுமை அங்கே இல்லை. எல்லாரும் தேவமகிமைக்குக் குறைந்தவர்கள் (ரோமர் 3:23). இதை நாம் ஒவ்வொரு நற்செய்திக் கூட்டத்திலும் கேட்கிறோம். ஆகையால் அதில் அதிகம் நிற்காமல், அதைவிடக் கடினமான கேள்விக்கு வருவோம்.

தகுதியில்லாதவன் பெயரை ஒரு குமாஸ்தா பட்டியலில் எழுதிவிட்டால் நாம் அதைக் கிருபை என்று சொல்லுவதில்லை. லஞ்சம் என்கிறோம், முறைகேடு என்கிறோம். அதனால் இடம் இழந்தவர் நியாயமாகவே கொதித்தெழுவார். வேதமும் அப்படியே சொல்லுகிறது. துன்மார்க்கனை நீதிமானாக்குகிற நியாயாதிபதி கர்த்தருக்கு அருவருப்பானவன் என்பது நீதிமொழிகள் 17:15-இன் கருத்து. ஆனால் ரோமர் 4:5-இல், தேவனே பாவியை நீதிமானாக்குகிறவர் என்று பவுல் எழுதுகிறார்! அருவருப்பு என்று தாம் சொன்னதையே தேவன் தாம் செய்வாரோ? இந்தக் கேள்வி உங்களுக்கு ஒருமுறையாவது எழும்பியிராவிட்டால், கிருபை என்ற வார்த்தையின் விலையை இன்னும் நீங்கள் விசாரிக்கவில்லை என்றே சொல்லுவேன்.

பதில் ரோமர் 3:25, 26-இல் இருக்கிறது. தேவன் தம்முடைய நீதியை மூடிவைத்துவிட்டு நம்மைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சிலுவையில் அந்த நீதியை எல்லாரும் காண விளங்கப்பண்ணினார். பாவத்திற்குரிய தீர்ப்பு தள்ளுபடியாகவில்லை. அதைக் குமாரனானவர் தம்மேல் ஏற்றுக்கொண்டார். இவ்விதமாய்த் தேவன் தாமும் நீதியுள்ளவராய் நிலைத்து, இயேசுவை விசுவாசிக்கிறவனையும் நீதிமான் என்று தீர்க்கிறார். நமக்கு விரோதமாய் நின்ற கடன்பத்திரம் ரத்து செய்யப்பட்டுச் சிலுவையில் அறையப்பட்டதாகக் கொலோசெயர் 2:14 சொல்லுகிறது. கந்துவட்டிக்காரனிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்து, அது எந்தப் பெட்டியில் இருக்கிறதோ என்று தூக்கமில்லாமல் கிடந்தவர்கள் நம் சபைகளில் அநேகர். அந்தத் தாள் கிழிக்கப்படுவதைக் கண்ணால் காண்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

'நீதிமானாக்குதல்' என்ற தமிழ்ச்சொல் நம்மைச் சில வேளை இடறச்செய்வதுண்டு. பொன்னை உருக்கி மோதிரம் ஆக்குவதுபோல, நம்மைக் கொஞ்சங்கொஞ்சமாய் நல்லவர்களாய்ச் செய்வது என்று தொனிக்கிறது. அந்த வேலையும் உண்டு. அதற்குப் பரிசுத்தமாக்கப்படுதல் என்று பெயர். நீதிமானாக்கப்படுதலோ நியாயஸ்தலத்துத் தீர்ப்பு. உபாகமம் 25:1-இல் நியாயாதிபதிகள் நீதிமானை நீதிமான் என்று தீர்க்கும்படி கட்டளை பெற்றதைப் பார்த்தால் சொல்லின் பொருள் விளங்கும். அங்கே அவர்கள் யாரையும் நல்லவனாக மாற்றவில்லை, தீர்ப்புச் சொன்னார்கள். ஆபிரகாமைப் பற்றிப் பேசும் ரோமர் 4-இல் வரும் 'எண்ணப்படுதல்' என்ற சொல் இன்னும் தெளிவு. அது கணக்குப் புத்தகத்துச் சொல். கிறிஸ்துவின் நீதி நம் கணக்கில் எழுதப்படுகிறது. இந்த வேறுபாடு பண்டிதருக்கு மட்டும் உரியதன்று. தீர்ப்பு இன்னும் வரவில்லை என்று நினைக்கிற விசுவாசி, தன் நல்ல நாட்களில் பெருமையோடும் கெட்ட நாட்களில் திகிலோடும் வாழ்கிறான். தட்டைக் கடத்திவிட்ட சகோதரியிடம் இருந்தது அந்தத் திகில்தான்.

வெளிப்படுத்தின விசேஷம் 5-இல் யோவான் அழுகிறான். முத்திரையிடப்பட்ட புஸ்தகத்தைத் திறக்கத்தக்க பாத்திரவான் யார் என்று ஒரு தூதன் உரத்த சத்தமாய்க் கேட்கிறான். வானத்திலும் பூமியிலும் பூமியின்கீழும் ஒருவரும் இல்லை. அங்கேயும் மூலச்சொல் அதே 'ஆக்ஸியோஸ்' தான். அப்பொழுது அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டியானவர் முன்வருகிறார். பரலோகத்தில் பாத்திரர் ஒருவரே. மற்ற எல்லாரும், கோத்திரம் பாஷை ஜாதி என்னும் பேதமின்றி, அவர் தம்முடைய இரத்தத்தால் மீட்டுக்கொண்டவர்களாகவே அங்கே நிற்கிறார்கள்.

வெறும் பாத்திரம்

பாத்திரம் என்றால் வீட்டில் புழங்கும் பாண்டமும்தான். சகோதரி இட்லிக் கொப்பரையைச் சொன்னது வேடிக்கைக்காக. ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. 2 இராஜாக்கள் 4-இல் ஒரு விதவை. கடன் கொடுத்தவன் அவள் பிள்ளைகள் இருவரையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்திருக்கிறான். அயலகத்தாரிடம் போய் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கும்படி எலிசா அவளுக்குச் சொல்லுகிறார். பாத்திரங்கள் அவளுடையவை அல்ல; அவற்றில் ஒன்றும் இல்லை. அவை இருக்குமட்டும் எண்ணெய் சுரந்தது, தீர்ந்தவுடன் நின்றது. 16-ஆம் நூற்றாண்டில் ஜான் கால்வின் விசுவாசத்தை ஒரு பாத்திரத்துக்கு ஒப்பிட்டு எழுதினார். வெறுமையாய் வருகிறவனே பெற்றுக்கொள்ளுகிறான் என்பது அவர் விளக்கம்.

ஆகவே விசுவாசம் நாம் காட்டும் சான்றிதழ் அல்ல. மின்கட்டண ரசீது, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் என்று ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கும் கோப்பில் கடைசிக் காகிதமாக விசுவாசத்தையும் வைத்துவிடக்கூடாது. அப்படி வைக்கும்போது, "என் விசுவாசம் போதுமானதா?" என்ற கேள்வி வந்து, மறுபடியும் தராசு ஏறுகிறோம். இட்லிக் கொப்பரை பெரிதா சிறிதா என்பதல்ல காரியம். வெறுமையாய் நீட்டப்பட்டதா என்பதே.

இங்கே நம் சபைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசித் தேதி போடுவது அரசு மட்டும் அல்ல. எத்தனை வருஷமாய் வருகிறாய், தசமபாகம் ஒழுங்காய்க் கொடுக்கிறாயா, அந்நியபாஷை பேசினாயா, எந்தக் குடும்பம், எந்த ஊர் என்று நாமும் பட்டியல் எழுதுகிறோம். கணக்கெடுப்பு நடந்த மாதங்களில், இத்தனை நாள் உபவாசமிருந்தால் பெயர் பாத்ர் என்று மாறும் என்று வாக்குக் கொடுத்துக் காணிக்கை வாங்கிப்போன ஊழியக்காரர் ஒருவரும் எங்கள் சந்துக்கு வந்தார். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அவர் விற்றது சுவிசேஷம் அல்ல என்று மட்டும் எழுதிவைக்கிறேன்.

நாற்பது பெயர்களில் முதல் பெயர்

திருநெல்வேலித் திருச்சபையின் பிள்ளைகள் அறிந்துகொள்ளவேண்டிய பட்டியல் ஒன்று உண்டு. பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் ஆண்டுப் பதிவேடு. அதில் நாற்பது பெயர்கள். முதல் பெயர் குளோரிந்தாள்.

அவர் பிராமண விதவை. அந்நாளில் ஒரு விதவைக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. லிட்டில்டன் என்னும் ஆங்கில அதிகாரியோடு திருமணமின்றி வாழ்ந்ததால் இரு சமூகத்தாரின் பார்வையிலும் தாழ்ந்தார். அந்த அதிகாரியிடமிருந்தே கிறிஸ்தவத்தை அறிந்தார். ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டபோது, அந்த உறவின் நிமித்தம் அவர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்தபின், 1778-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஸ்வார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவருடைய முயற்சியால் எழும்பிய ஆலயம் 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று ஜனங்கள் அதை அழைத்தார்கள்.

ஸ்வார்ட்ஸ் முதலில் மறுத்தது சரியா? வேதபாட வகுப்பில் இதைக் கேட்டபோது இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். கிருபை இலவசமானால் மனந்திரும்புதலை ஏன் கேட்கவேண்டும், அதுவும் ஒரு தகுதிதானே என்றார் ஒரு வாலிபர். நல்ல கேள்வி. மனந்திரும்புதல் கிருபைக்குக் கொடுக்கும் விலை அல்ல. கையில் வேறொன்றை இறுகப் பிடித்திருக்கிறவன் கொடுக்கப்படுவதை வாங்க முடியாது. பிடித்ததை விடுவதே மனந்திரும்புதல். விட்டதற்காக ஒன்றும் கொடுக்கப்படுவதில்லை. விட்ட கை வாங்குகிறது, அவ்வளவே. இந்த மட்டும் ஸ்வார்ட்ஸின் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் அந்த உறவை அந்தப் பெண் நினைத்தபடி ஒழுங்குபடுத்திக்கொள்ளக்கூடிய நிலையில் இருந்தாரா என்பதையும் எண்ணிப்பார்க்கவேண்டும். போதகர் எச்சரிக்கையாயிருந்தார், கர்த்தர் பொறுமையாயிருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த வருஷங்களில் குளோரிந்தாள் அம்மாள் சபையை விட்டு ஓடிப்போகவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

அப்படிப்பட்டவரின் பெயர் அந்த நாற்பதில் முதலாவது எழுதப்பட்டிருக்கிறது. தாராவியில் இருக்கும் நம் குடும்பங்களில் எத்தனையோ பேரின் முன்னோர் அந்தச் சிறு மந்தையிலிருந்து பரவின சபைகளில் விசுவாசத்துக்கு வந்தவர்கள்.

உரிமையும் கிருபையும்

"அப்படியானால் வீட்டுக்காக மனுப்போடுவது அவிசுவாசமா? பரலோகத்தில் வாசஸ்தலம் உண்டென்று விட்டுவிடலாமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. விட்டுவிடுங்கள் என்று சொல்லும் ஆறுதல்காரர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டில் குடியிருக்கிறவர்களாயிருப்பதைக் கண்டிருக்கிறேன்.

பவுலைப் பாருங்கள். தனக்கு லாபமாயிருந்தவைகளையெல்லாம் கிறிஸ்துவுக்காக நஷ்டமென்று எண்ணினவர் அவர் (பிலிப்பியர் 3:7). தேவனுக்கு முன்பாக அவர் ஒரு காகிதத்தையும் நீட்டவில்லை. அதே பவுல் பிலிப்பி பட்டணத்தில், விசாரணையின்றி அடித்த அதிகாரிகளே நேரில் வந்து தங்களை வெளியே அழைத்துப்போகவேண்டும் என்று பிடிவாதமாய் நின்றார் (அப்போஸ்தலர் 16:37). எருசலேமில் வாரினால் கட்டப்பட்டபோது தன் ரோமக் குடியுரிமையைச் சொன்னார் (22:25). மனுஷருடைய நியாயஸ்தலத்தில் உரிமை கேட்பது வேறு; தேவனுடைய நியாயஸ்தலத்தில் உரிமை பாராட்டுவது வேறு. முதலாவது நீதிக்கான வேலை. ஏழைக்கு அதில் துணை நிற்கும்படி தீர்க்கதரிசிகள் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். எங்கள் சபையில் இப்பொழுது வியாழக்கிழமை மாலைகளில், மராத்தி வாசிக்கத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்து பெரியவர்களின் காகிதங்களைச் சரிபார்த்து ஆட்சேபனை மனு எழுதிக்கொடுக்கிறார்கள். முதலில் அரைமணி நேரம் ஜெபம், பிறகு ஜெராக்ஸ். இரண்டையும் ஒன்றாய்க் குழப்பிக்கொள்ளாமல் இரண்டையும் செய்கிறோம்.

மேஜையருகே

கடைசியாக, சகோதரி பயந்த அந்த வார்த்தைக்கே வருவோம். 1 கொரிந்தியர் 11:27-இல் உள்ளது 'அபாத்திரர்' அல்ல, 'அபாத்திரமாய்'. அது ஆளைக் குறித்த சொல் அல்ல, செய்கிற விதத்தைக் குறித்த சொல். அபாத்திரருக்கு மேஜையில் இடமில்லையென்றால் அப்பம் எடுக்க ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். ஆண்டவர் அந்த இராத்திரியில் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தது, விடியுமுன் தம்மை மறுதலிக்கப்போகிறவனும் சேர்ந்திருந்த கூட்டத்துக்கே.

பின்னே கொரிந்து சபையார் செய்த குற்றம் என்ன? பத்து வசனங்கள் மேலே போய் வாசிக்கவேண்டும்; நாம் திருவிருந்து ஆராதனையில் வழக்கமாய் 23-ஆம் வசனத்திலிருந்து ஆரம்பித்துவிடுவதால் இது நம் கண்ணுக்குத் தப்பிப்போகிறது. அங்கே வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியாயிருந்தார்கள். உண்ண உங்களுக்கு வீடுகள் இல்லையோ, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களோ என்று பவுல் கடிந்துகொள்ளுகிறார் (வசனம் 22). ஆம், வீடு என்றே எழுதியிருக்கிறது. 'அபாத்திரமாய்' என்ற எச்சரிப்பு, தட்டைக் கண்டு நடுங்கும் மேல்தளத்துக்காரரை நோக்கிச் சொல்லப்பட்டதல்ல. சகோதரன் நிலையைக் கண்டும் காணாமல் அதே அப்பத்தை எடுக்கிறவனை நோக்கிச் சொல்லப்பட்டது.

சென்ற வாரம் இந்தப் பகுதியை அந்த வீட்டின் கீழ்த்தளத்திலேயே வைத்துப் பாடம் நடத்தினேன். அண்ணன் நெடுநேரம் வேதபுத்தகத்தை மூடாமல் வைத்திருந்தார். பிறகு, தகப்பனார் கட்டிய வீடுதானே, தம்பிக்கு நியாயமான பங்கு எப்படிக் கொடுப்பது என்று வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுப்பார்க்கலாம் என்றார். அவருடைய மனைவிக்கு அதில் முழு சம்மதம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. மூன்று பிள்ளைகளோடு 350 சதுர அடியைப் பங்கிடுவது லேசான காரியம் அல்லவே. பேச்சு இன்னும் முடியவில்லை. இந்தப் பாடம் அச்சுக்குப் போகிற நாளில் அடுத்த முதல் ஞாயிற்றுக்கு ஒன்பது நாள் இருக்கிறது. இந்தத் தடவை 17-ஆம் வசனத்திலிருந்தே வாசிப்பதென்று போதகரும் நானும் தீர்மானித்திருக்கிறோம். அப்பம் சுடுகிற முறை அந்த மேல்தளத்துச் சகோதரியுடையது. செய்கிறேன் என்று சொல்லி மாவு வாங்கிவைத்திருக்கிறார்கள்.